சென்டர்லெஸ் கிரைண்டிங்: ஜாப்பைப் பார்த்தே கோளாறைப் பிடித்துச் சரி செய்ய முழுமையான வழிகாட்டி

கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது இது. சென்டர்லெஸ் மெஷின், அதாவது ஜாப்பை (கிரைண்ட் செய்யும் பொருளை) எங்கேயும் பிடிக்காமல் இரண்டு வீல்களுக்கு நடுவே சுற்றவிட்டு வெட்டும் மெஷின். அதில் ஓடியது பம்ப் மோட்டாருக்குப் போகும் 20 மி.மீ. ஷாஃப்ட். மைக்ரோமீட்டரில் எந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தாலும் 19.990 என்றே காட்டுகிறது. ஆனால் 20.000 ரிங் கேஜில் (சரியான அளவுத் துளையுள்ள சோதனை வளையம்) நுழைய மறுக்கிறது. மைக்ரோமீட்டர் தப்பு என்று வேறொன்றை எடுத்தோம், அதிலும் அதே அளவு. ரிங் கேஜ் தப்பு என்று அதையும் மாற்றிப் பார்த்தோம். அப்புறம் ஸ்பிண்டில் பேரிங் மேல் சந்தேகம் வந்து கவரைக் கழற்றினோம், பெல்ட் மாற்றினோம். இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் பக்கத்துப் பட்டறையிலிருந்து வந்த வயதான ஃபிட்டர் ஒருவர் மெஷின் பக்கமே போகாமல் ஒரு வி-பிளாக்கும் (வி வடிவப் பள்ளமுள்ள கட்டை) டயலும் (நுண்ணிய அசைவை முள்ளில் காட்டும் மானி) கேட்டார். ஷாஃப்டை வி-பிளாக்கில் வைத்து டயலின் முனையை மேலே தொட வைத்து மெதுவாக உருட்டினார். ஒரு சுற்றுக்கு முள் மூன்று தடவை ஏறி இறங்கியது, ஏற்ற இறக்கம் 26 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). "தம்பி, உன் ஜாப் வட்டமாவே இல்லை, பிளேடை மூணு மில்லி தூக்கு" என்றார். அவ்வளவுதான், மத்தியானத்துக்குள் சரியாகிவிட்டது.

பிளேடு என்பது ஜாப்பைக் கீழிருந்து தாங்கும் தகடு. அதன் மேல்முகம் தேயத் தேய அதைச் சாணை பிடித்து மறுபடி மாட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் அரை மில்லி, ஒரு மில்லி குறைந்திருக்கிறது. அடியில் பேக்கிங் வைத்து உயரத்தை ஈடுகட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நான் பார்த்தவரை சென்டர்லெஸ் மெஷினில் வரும் கோளாறுகளில் பெரும்பகுதி இந்த மாதிரிதான், மெஷின் கெட்டுப் போயிருக்காது, செட்டிங் நகர்ந்திருக்கும். அதனால் ஸ்பானரை எடுப்பதற்கு முன்னால் ஜாப்பை எடுங்கள். என்ன தப்பு, எந்த முனையில், எத்தனை இடத்தில், எவ்வளவு இடைவெளியில் என்று ஜாப்பே சொல்லிவிடும்.

கீழே உள்ளதெல்லாம் ஒரு நடுத்தர மெஷினை வைத்துச் சொல்கிறேன்: கிரைண்டிங் வீல் 400 மி.மீ., ரெகுலேட்டிங் வீல் 250 மி.மீ., த்ரூ ஃபீடில் (ஜாப் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் முறை) ஓடும் 20 மி.மீ. ஷாஃப்ட். உங்கள் மெஷினின் அளவுகளைப் போட்டுக் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் உயரம்

சென்டர்லெஸ்ஸில் ஜாப்பை யாரும் பிடிப்பதில்லை. ஒரு பக்கம் கிரைண்டிங் வீல், மறுபக்கம் ஜாப்பின் வேகத்தைக் கட்டுப்படுத்தும், ரப்பரால் பிணைத்த ரெகுலேட்டிங் வீல், கீழே சாய்ந்த முகமுள்ள பிளேடு, இந்த மூன்றுக்கும் நடுவில் ஜாப் தானாக உட்கார்ந்து சுற்றுகிறது. வட்டம் எப்படி வருகிறது என்றால், ஜாப்பில் ஒரு மேடு ரெகுலேட்டிங் வீலையோ பிளேடையோ தொடும்போது ஜாப் கொஞ்சம் தள்ளப்படும், அந்த நேரத்தில் வேறோர் இடத்தில் வெட்டு கூடும் அல்லது குறையும். ஜாப்பின் சென்டர் இரண்டு வீல்களின் சென்டர் கோட்டிலேயே இருந்தால் மேட்டுக்கு நேர் எதிரே பள்ளம் விழும், பள்ளத்துக்கு எதிரே மேடு வரும். விட்டம் எங்கே அளந்தாலும் ஒன்றாக இருக்கும், ஆனால் உருவம் மூன்று மூலை, ஐந்து மூலை. எங்கள் ஷாஃப்டுக்கு நடந்தது இதுதான். ஜாப்பை அந்தக் கோட்டுக்கு மேலே தூக்கினால் மேடும் பள்ளமும் நேருக்கு நேர் வராமல் சுற்றுக்குச் சுற்று கரையத் தொடங்கும்.

எவ்வளவு தூக்குவது? ஜாப் விட்டத்தில் பாதி என்பது பட்டறைக் கணக்கு. 20 மி.மீ. ஜாப்புக்கு 10 மி.மீ. இதன் பின்னால் இருக்கும் விஷயம் ஒரு கோணம். இரண்டு வீல்களும் ஜாப்பைத் தொடும் இடங்களில் போடும் தொடுகோடுகளுக்கு இடையே சுமார் 7 டிகிரி வந்தால் வட்டம் நன்றாக வருகிறது. 400, 250, 20 என்ற அளவுகளில் 10 மி.மீ. உயரத்துக்குக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட சரியாக 7 டிகிரி கிடைக்கும். கணக்கும் எளிதுதான். உயரத்தை இரண்டால் பெருக்கி, அதை கிரைண்டிங் வீல் விட்டமும் ஜாப் விட்டமும் சேர்ந்த தொகையால் வகுங்கள். அதே எண்ணை ரெகுலேட்டிங் வீல் விட்டமும் ஜாப் விட்டமும் சேர்ந்த தொகையாலும் வகுங்கள். இரண்டு விடையையும் கூட்டி 57.3 ஆல் பெருக்கினால் டிகிரி வந்துவிடும்.

இதைத் தெரிந்துகொள்வதால் இரண்டு லாபம். ஒன்று, பெரிய ஜாப்புக்கு பாதி விட்டக் கணக்கு ஓடாது. 50 மி.மீ. ஜாப்பை 25 மி.மீ. தூக்கினால் அது பிளேடில் குதிக்க ஆரம்பித்துவிடும், அதற்கு 11 மி.மீ. போதும். பாதி விட்டம் என்பதை 25 மி.மீ. ஜாப் வரைக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் கோணத்தைப் பாருங்கள். இரண்டாவது இன்னும் முக்கியம். வீல் தேயும்போது உயரம் மாறாவிட்டாலும் கோணம் கூடிக்கொண்டே போகும். கிரைண்டிங் வீல் 330, ரெகுலேட்டிங் வீல் 210 ஆகிவிட்டது என்று வையுங்கள், அதே 10 மி.மீ. இப்போது 8 டிகிரிக்கு மேல் போய்விடும், மறுபடி 7 வர எட்டரை மில்லி போதும். "புது வீல் போட்டப்போ நல்லா இருந்துச்சு, இப்போ சாட்டர் (அதிர்வால் ஜாப்பில் விழும் அலைக் கோடு) வருது" என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

உயரத்தை அளப்பது சுலபம். சென்டர் கோட்டின் உயரம் எந்த முகத்திலிருந்து எவ்வளவு என்று மெஷின் புத்தகத்திலோ மெஷினில் பதித்த பெயர்த் தகட்டிலோ இருக்கும். அது 210 என்றால், ஏற்கெனவே கிரைண்ட் செய்த நல்ல ஷாஃப்ட் ஒன்றைப் பிளேடில் வைத்து ரெகுலேட்டிங் வீலோடு ஒட்டிப் பிடித்து ஹைட் கேஜில் அதன் உச்சியை அளங்கள். 210, அதோடு 10, அதோடு ஜாப்பின் பாதி 10, ஆக 230 வர வேண்டும். பிளேடை எப்போது கழற்றி மாட்டினாலும் இந்த அளவை எடுத்துச் சுவரில் எழுதி வையுங்கள்.

மூலை இருக்கிறதா என்று பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. நம் பட்டறைகளில் கிடைக்கும் வி-பிளாக் பெரும்பாலும் 90 டிகிரி. அது மூன்று மூலையையும் ஐந்து மூலையையும் இரண்டு மடங்காகக் காட்டும், அதனால்தான் அன்றைக்கு 26 காட்டியது உண்மையில் 13 மைக்ரான். 19.990 உடன் 13 மைக்ரானைக் கூட்டினால் 20.003, ரிங் கேஜில் எப்படி நுழையும்? ஆனால் ஏழு மூலை இருந்தால் அதே 90 டிகிரி பிளாக்கில் முள் அசையவே அசையாது. 60 டிகிரி பிளாக் மூன்று மூலையை மூன்று மடங்காகக் காட்டும், ஐந்தையும் ஏழையும் காட்டாது. ஆகவே ஒரே பிளாக்கில் பார்த்துவிட்டு வட்டம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடாதீர்கள். இரண்டு கோணத்திலும் பாருங்கள், சந்தேகம் தீரவில்லை என்றால் ரவுண்ட்னெஸ் டெஸ்டர் உள்ள இடத்தில் ஒரு ஜாப்பைக் கொடுத்து வரைபடம் வாங்கிவிடுங்கள்.

மூலை விழுந்தால் அரை மில்லி அரை மில்லியாகத் தூக்குங்கள். தூக்கத் தூக்க மூலை குறையும், ஒரு கட்டத்துக்கு மேல் ஜாப் சத்தம் போட ஆரம்பிக்கும், நுண்ணிய அலை அலையாகக் கோடு விழும். அங்கிருந்து கொஞ்சம் இறக்கி நிறுத்துங்கள். வளைந்த நீளக் கம்பிகள் மட்டும் விதிவிலக்கு. தூக்கினால் அடித்துக் குதிக்கும் என்பதால் அவற்றைச் சென்டருக்குக் கீழேயே ஓட்டுவார்கள். வட்டம் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும், ஆனால் கம்பி அடங்கி ஓடும்.

பிளேடு

பிளேடின் சாய்வு பொதுவாக 30 டிகிரி, உயர்ந்த பக்கம் கிரைண்டிங் வீல் பக்கமும் தாழ்ந்த பக்கம் ரெகுலேட்டிங் வீல் பக்கமும் வரும்படி. பெரிய, கனமான ஜாப்புக்குச் சாய்வைக் குறைக்க வேண்டும், 20 டிகிரிக்குப் போகலாம். பிளேடின் தடிமன் ஜாப்பின் விட்டத்தை விட ஒன்றிரண்டு மி.மீ. குறைவாக, அதற்குள் முடிந்தவரை அதிகமாக இருக்கட்டும். மெல்லிய பிளேடு அதிரும், அதிர்ந்தால் அது ஜாப்பில் தெரியும்.

பிளேடைக் கழற்றினால் விரல் நகத்தால் மேல்முகத்தைத் தடவிப் பாருங்கள். நகம் எங்கேயாவது மாட்டினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது அல்லது ஜாப்பின் உலோகம் ஒட்டிப் பிடித்திருக்கிறது. ஜாப்பில் ஒரே மாதிரி நீளக் கீறல் விழுவதற்கு இதுதான் முதல் காரணம். கார்பைடு பதித்த பிளேடு சாதாரண ஸ்டீல் ஜாப்புக்கு நன்றாக உழைக்கும். ஸ்டெயின்லெஸ் மாதிரி ஒட்டிப் பிடிக்கும் உலோகத்துக்கு வார்ப்பிரும்பு அல்லது வெண்கலப் பிளேடு போட்டால் கீறல் குறையும், ஆனால் சீக்கிரம் தேயும். மாட்டும்போது அடியில் துகள் இல்லாமல் துடைத்து, போல்ட்டுகளை இறுக்கிய பிறகு டயலை நீளவாக்கில் ஓட்டிப் பாருங்கள், முழு நீளத்துக்கும் 10, 20 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும். இறுக்குவதற்கு முன் பார்த்தால் பயன் இல்லை, இறுக்கும்போதுதான் பிளேடு தூக்கிக்கொள்ளும்.

ரெகுலேட்டிங் வீல்: சாய்வும் டிரஸ்ஸிங்கும்

த்ரூ ஃபீடில் ஜாப்பை முன்னே தள்ளுவது இந்த வீலின் சாய்வுதான். வேகம் எவ்வளவு என்று அறிய வீலின் சுற்றளவை நிமிடச் சுற்றால் பெருக்கி, சாய்வுக் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்குங்கள். 250 மி.மீ. வீல், 30 சுற்று, 3 டிகிரி என்றால் நிமிடத்துக்குச் சுமார் 1230 மி.மீ. கொஞ்சம் வழுக்கும் என்பதால் நிஜத்தில் சற்றுக் குறைவாக வரும். ரொம்பக் குறைந்தால் வீல் பளபளத்துப் போய்விட்டது என்று அர்த்தம், டிரஸ் செய்யுங்கள், அதாவது டைமண்ட் முனையால் வீலின் முகத்தைச் சீவிப் புதுப்பியுங்கள். இன்ஃபீடில் (ஜாப் நீளவாக்கில் நகராமல் ஓரிடத்திலேயே வெட்டப்படும் முறை) ஜாப் ஸ்டாப்பரோடு ஒட்டியிருந்தால் போதும், அரை டிகிரி வைத்தால் சரி.

நிறையப் பேர் தவறவிடும் இடம் இது: சாய்வை மாற்றினால் ரெகுலேட்டிங் வீலை மறுபடி டிரஸ் செய்தே ஆக வேண்டும். சாய்ந்த உருளை ஒரு நேரான கம்பியை முழு நீளத்துக்கும் தொடாது, ஏதாவது ஓரிடத்தில்தான் தொடும். முழு நீளமும் தொட வேண்டும் என்றால் வீலின் நடு கொஞ்சம் உள்வாங்கியிருக்க வேண்டும். டிரஸ்ஸரையும் சாய்வுக்கு ஏற்பத் திருப்பி, டைமண்டை ஜாப் தொடும் உயரத்துக்கு ஏற்ப நகர்த்தி வைத்தால் அந்த வடிவம் தானாக வந்துவிடும். நகர்த்தும் அளவு: ஜாப் உயரத்தை ரெகுலேட்டிங் வீல் விட்டத்தால் பெருக்கி, அந்த விட்டமும் ஜாப் விட்டமும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். நம் கணக்கில் 10 பெருக்கல் 250, வகுத்தல் 270, அதாவது 9.25 மி.மீ. அளவு. டிரஸ்ஸரின் திருப்புக் கோணம் வீல் சாய்வை விடக் கொஞ்சம் குறைவாக வரும், மெஷினோடு கொடுத்த அட்டவணையைப் பாருங்கள்.

டிரஸ்ஸிங்குக்கு வீலின் வேகத்தைக் கூட்டி, கூலன்ட்டை (சூட்டைத் தணிக்கும் திரவம்) திறந்துவிட்டு, ஒரு தடவைக்கு 20 மைக்ரானுக்கு மேல் வெட்டாமல், நிதானமாக ஓட்டுங்கள். ரப்பர் வீல் டைமண்டைத் தள்ளிவிடும், அதனால் கடைசியில் இரண்டு மூன்று தடவை வெட்டு கொடுக்காமல் சும்மா ஓட்டுங்கள். இந்த வீல் ஓடி அடித்தால், அதாவது சுற்றும்போது மையம் விலகி ஆடினால், எவ்வளவு செய்தாலும் வட்டமும் சைஸும் நிற்காது. டிரஸ் செய்த பிறகு டயலை வைத்துக் கையால் சுற்றிப் பார்க்க இரண்டு நிமிடம்தான் ஆகும்.

கைடுகள்: முனைகள் மெலிந்தால்

த்ரூ ஃபீடில் ஜாப்பை நேராக உள்ளே விட்டு நேராக வெளியே எடுக்கும் முன் கைடு, பின் கைடு என்று இரண்டு பக்கமும் இருக்கும். ஜாப்பின் நடு நன்றாக இருந்து முனை மட்டும் மெலிந்திருந்தால் வீலைத் தொடவே வேண்டாம், கைடைப் பாருங்கள். எந்த முனை என்று தெரிய வேண்டும் என்பதால் உள்ளே விடும் முன் முன்முனையில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். முன்னே போகும் முனையில் தப்பு என்றால் நுழைவுப் பக்கக் கைடு, பின்முனையில் என்றால் வெளியேறும் பக்கக் கைடு. காரணம் எளிது: ஜாப்பின் ஒரு பகுதி மட்டும் வீல்களுக்கு நடுவே இருக்கும்போது மீதியைப் பிடித்திருப்பது கைடுதான், அது கோணலாகப் பிடித்தால் வீலுக்குள் இருக்கும் முனை கோணலாக வெட்டப்படும்.

சரி செய்ய, வீலின் அகலத்தை விட நீளமான, நேராகக் கிரைண்ட் செய்த கம்பி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் நின்றிருக்கும்போது அதைப் பிளேடில் வைத்து ரெகுலேட்டிங் வீலோடு ஒட்டிப் பிடியுங்கள். வெளியேறும் பக்க ரெகுலேட்டிங் கைடு கம்பியைச் சரியாகத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும், தள்ளவும் கூடாது, இடைவெளியும் கூடாது. நுழைவுப் பக்கக் கைடு, வெட்டப் போகும் அளவில் பாதி பின்வாங்கியிருக்க வேண்டும். 0.10 மி.மீ. வெட்டு என்றால் 0.05 ஃபீலர் கேஜ் நுழைய வேண்டும். கிரைண்டிங் வீல் பக்கக் கைடுகள் ஜாப் சாய்ந்து விழாமல் இருக்க மட்டும்தான், அங்கே தாராளமாக இடம் விடுங்கள்.

முழு நீளத்துக்கும் ஒரே சீராக மெலிந்துகொண்டே போகும் டேப்பர் இன்ஃபீடில்தான் வரும், அதற்கு வீலைத் தாங்கி நகர்த்தும் ஸ்லைடைத் திருப்ப வேண்டும். த்ரூ ஃபீடில் நடு வீங்கியோ ஒடுங்கியோ வந்து கைடும் சரியாக இருந்தால், வீல் டிரஸ்ஸிங்கின் வடிவத்தைச் சந்தேகப்படுங்கள்.

கிரைண்டிங் வீல் டிரஸ்ஸிங், கூடவே எரிவும் கோடும்

400 மி.மீ. வீல் 1440 சுற்றில் ஓடினால் விளிம்பு வேகம் நொடிக்கு 30 மீட்டர். புது வீல் மாட்டும் முன் அதைத் தொங்கவிட்டு மரக் கைப்பிடியால் லேசாகத் தட்டிக் காதைக் கொடுங்கள். கணீர் என்று கேட்க வேண்டும், மொத்தென்று கேட்டால் விரிசல், அந்த வீல் வேண்டவே வேண்டாம். இரண்டு பக்கமும் அட்டை வாஷர் இல்லாமல் ஃபிளாஞ்சை இறுக்காதீர்கள். மாட்டியதும் கவரை மூடி, எதிரே யாரும் நிற்காமல், சில நிமிடம் வெறுமனே ஓடவிடுங்கள்.

டிரஸ்ஸிங்கில் டைமண்ட் வீல் சுற்றும் திசைப் பக்கமாக 10 முதல் 15 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். முனை மழுங்கித் தட்டையானால் ஹோல்டரில் கொஞ்சம் திருப்பி வையுங்கள், தட்டை டைமண்டால் டிரஸ் செய்தால் வீல் வெட்டாது, தேய்க்கும். ரஃபுக்கு ஒரு சுற்றுக்கு 0.1 மி.மீ. நகர்வு, அதாவது 200 மி.மீ. அகல வீலைக் கடக்க ஒன்றரை நிமிடம். ஃபினிஷுக்கு அதில் பாதி வேகம், 10 மைக்ரான் வெட்டு.

வேகமாக டிரஸ் செய்தால் ஜாப்பில் திருகு மாதிரி கோடு விழும். டிரஸ்ஸிங் சரியாக இருந்தும் சுருள் கோடு விழுந்தால் வீலின் வெளியேறும் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா பாருங்கள், டிரஸ்ஸிங் குச்சியால் லேசாக மழுக்கினால் கோடு போய்விடும். ஜாப் பழுப்போ நீலமோ அடித்தால் எரிகிறது: வெட்டு அதிகம், வீல் கெட்டி, வீல் மழுங்கியிருக்கிறது அல்லது கூலன்ட் சரியான இடத்தில் விழவில்லை. கூலன்ட்டைத்தான் முதலில் பாருங்கள். நாசில் ஓரமாகத் திரும்பி வீலின் கவர் மேல் ஊற்றிக்கொண்டிருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ரஃபில் விட்டத்தில் 0.20 மி.மீ. எடுக்கலாம், கடைசித் தடவைக்கு 20 மைக்ரான் போதும். கறுப்புக் கம்பியிலிருந்து ஒரே தடவையில் சைஸுக்கு வந்துவிட நினைப்பவர்களுக்கு வட்டமும் கிடைக்காது, பளபளப்பும் கிடைக்காது. மூன்று தடவை ஓட்டுங்கள்.

சாட்டர்: கோட்டின் இடைவெளியை அளந்து காரணத்தைப் பிடிப்பது

இது நான் ரொம்ப நம்பும் முறை. ஜாப்பின் மேற்பரப்பு வேகம் ரெகுலேட்டிங் வீலின் வேகம்தான். 250 மி.மீ. வீல் 30 சுற்றில் ஓடினால் நொடிக்குச் சுமார் 393 மி.மீ. சாட்டர் கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளந்து, 393ஐ அதால் வகுத்தால் அதிர்வு நொடிக்கு எத்தனை தடவை என்று வந்துவிடும். ஜாப் முகத்தில் மார்க்கர் மையைத் தடவி ஒரு துணியால் லேசாகத் துடைத்தால் மேடுகள் வெளுத்துத் தெரியும், டியூப்லைட்டுக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால் எண்ணவே முடியும்.

இடைவெளி 16 மி.மீ. அளவில் என்றால் நொடிக்கு 24 அதிர்வு. 1440 சுற்று கிரைண்டிங் வீல் நொடிக்கு 24 தடவைதான் சுற்றுகிறது. ஆக வீல் பேலன்ஸ் சரியில்லை அல்லது வீல் ஓடி அடிக்கிறது. கழற்றி பேலன்ஸ் பாருங்கள், மாட்டி டிரஸ் செய்து, திரும்பக் கழற்றி இன்னொரு தடவை பேலன்ஸ் பாருங்கள், டிரஸ் செய்த பிறகு பேலன்ஸ் மாறியிருக்கும். இடைவெளி 4 மி.மீ. என்றால் நொடிக்குச் சுமார் 100, மோட்டாரின் மின் அதிர்வைச் சந்தேகப்படலாம். இடையில் ஏதாவது எண் வந்தால் ஒவ்வொரு பெல்ட், புல்லி, பம்பின் சுற்றோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். சந்தேகப்படும் பம்பை, பிளேடைத் தொடாமல், சில நிமிடம் நிறுத்திவிட்டு இரண்டு ஜாப் ஓட்டிப் பார்த்தால் உறுதியாகிவிடும். கூலன்ட் பம்பை மட்டும் நிறுத்தி ஓட்டாதீர்கள். வெளியிலிருந்தும் அதிர்வு வரும், பக்கத்தில் பவர் பிரஸ் அடிக்கும் நேரத்தில் மட்டும் கோடு விழுந்தால் மெஷினில் தேட வேண்டாம்.

ரெகுலேட்டிங் வீல் வேகத்தை 30லிருந்து 25க்கோ 40க்கோ மாற்றி ஓட்டுங்கள். இடைவெளி அந்த விகிதத்திலேயே மாறினால் அதிர்வு ஒரே எண்ணில் நிற்கிறது, காரணம் மெஷினில் ஏதோ ஒன்று. இடைவெளி மாறாமல் ஜாப் சுற்றளவில் எப்போதும் ஒரே எண்ணிக்கையாக விழுந்தால் அது உயரம், கோணம் சம்பந்தப்பட்ட விஷயம், முதல் பகுதிக்குத் திரும்புங்கள்.

சைஸ் ஓடினால்

சென்டர்லெஸ்ஸில் இரண்டு வீலுக்கும் நடுவே உள்ள தூரமே ஜாப்பின் விட்டம் என்பதால் ஸ்லைடு 5 மைக்ரான் நகர்ந்தால் விட்டம் 5 மைக்ரான்தான் மாறும். காலையில் ஆரம்பித்த முதல் அரை மணி நேரம் சைஸ் நகர்ந்துகொண்டே இருந்தால் அது ஸ்பிண்டில் சூடேறுவது, வெறுமனே ஓடவிட்டுச் சூடான பிறகு செட் செய்யுங்கள். நாள் முழுக்க நகர்ந்தால் கூலன்ட் சூட்டையும் ஸ்லைடு கிளாம்பையும் பாருங்கள். ஸ்லைடை எப்போதும் ஒரே திசையில், உள்நோக்கித் தள்ளியே சைஸுக்குக் கொண்டுவாருங்கள். அதிகம் போய்விட்டால் நன்றாகப் பின்வாங்கித் திரும்ப உள்ளே வாருங்கள், இல்லை என்றால் ஸ்குரூவின் லூஸ் உங்களை ஏமாற்றும்.

இன்னொன்று: மெஷினிலிருந்து வந்ததும் சூடாக அளக்காதீர்கள். 20 மி.மீ. ஸ்டீல் ஷாஃப்ட் அறை வெப்பத்தை விட 20 டிகிரி அதிகமாக இருந்தால் கிட்டத்தட்ட 4.5 மைக்ரான் பெரிதாகக் காட்டும். அதைப் பார்த்து ஸ்லைடைத் தள்ளினால், ஆறிய பிறகு அத்தனையும் சின்னதாகப் போய் ரிஜெக்ட் ஆகும். நான் ஒரு தட்டு நிறைய அப்படி இழந்திருக்கிறேன்.

ஜாப் கட்டுக்கடங்காமல் சுற்றினால்

இது ஆபத்தான கோளாறு, அதனால் தனியாகச் சொல்கிறேன். ரெகுலேட்டிங் வீல்தான் பிரேக். அது பிடியை இழந்தால் ஜாப் கிரைண்டிங் வீலின் வேகத்துக்கு ஏறி, வீ என்று கத்தி, வெளியே பறக்கும். சத்தம் மாறியதும் கையை விட்டுவிட்டு எதிரிலிருந்து விலகுங்கள், ஸ்டாப்பை அழுத்துங்கள், ஜாப்பைப் பிடிக்கப் போக வேண்டாம். காரணங்கள்: பளபளத்த ரெகுலேட்டிங் வீல், அதன் மேல் எண்ணெய் படிவது, ஒரே தடவையில் அதிக வெட்டு, உயரம் அதிகமாகி ஜாப் லேசாக உட்காருவது. கூலன்ட் கெட்டியாகக் கலந்தாலும் வழுக்கும். தண்ணீரில் கரையும் எண்ணெய் 3 முதல் 5 சதவீதம் போதும், கண் மதிப்பில் ஊற்றாமல் ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள். ஹைட்ராலிக் ஆயில் கூலன்ட் தொட்டியில் கசிந்தால் ரப்பர் வீல் ஊறிப் போகும், மேலே மிதக்கும் எண்ணெயைத் தினமும் எடுத்துவிடுங்கள்.

எந்த வரிசையில் தொடுவது

ஜாப்பை அளந்து பெயர் வைத்தாயிற்று என்றால் இந்த வரிசையில் போங்கள்: கூலன்ட், பிளேடு முகமும் இறுக்கமும், உயரம், கைடு, இரண்டு வீல்களின் டிரஸ்ஸிங், பேலன்ஸ், பெல்ட், கடைசியாக ஸ்பிண்டில். மேலே இருப்பவை பத்து நிமிட வேலை, கீழே இருப்பவை நாள் கணக்கில் இழுப்பவை. ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், மாற்றியதும் ஐந்து ஜாப் ஓட்டி அளந்து எழுத வேண்டும். உயரத்தையும் வேகத்தையும் சேர்த்து மாற்றினால் சரியாகிவிட்டாலும் எதனால் சரியானது என்று தெரியாது, அடுத்த மாதம் அதே கோளாறு வரும்போது மறுபடி முதலிலிருந்து தேடுவீர்கள்.

சாயங்காலம் நிறுத்தும்போது கூலன்ட்டை முதலில் மூடி, கிரைண்டிங் வீலை ஐந்து பத்து நிமிடம் வெறுமனே ஓடவிட்டு அப்புறம் நிறுத்துங்கள். ஈரத்தோடு நிறுத்தினால் வீல் குடித்த கூலன்ட் ராத்திரி முழுக்க கீழ்ப்பக்கம் இறங்கி நிற்கும், காலையில் ஸ்டார்ட் செய்ததும் வீல் ஒரு பக்கம் கனத்து ஆடும், முதல் இருபது முப்பது ஜாப்பில் 16 மி.மீ. இடைவெளிக் கோடு விழும்.